ஒலீட்டாவுக்குக் கொடுத்த ட்ரெய்லர்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் வீட்டுச் சமையலறை மேசை ஹாலிஸ் டார்னெலின் ராஜ்ஜியம். சாப்பிட்ட தட்டுகளை எடுத்த கையோடு அவன் மனைவி ஒலீட்டா ஒரு பழைய துண்டை விரிப்பாள். அதன்மேல் அவன் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கடை பரப்புவான். வீடு முழுக்கச் சோம்பும் பூண்டும் கலந்த ஒரு வாசனை எழும்பும். தெரியாத யாராவது அந்நேரம் வந்தால் அடுப்பில் ஏதோ விசேஷம் என்று ஆசையாக எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தால், மேசை நிறைய ரப்பர், மீனை இழுக்க வாசனை ஏற்றிய ரப்பர்.

அவைதான் ட்ரெய்லர்கள். பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் ஜிக் என்று ஒன்றை வீசுவார்கள். ஈயத்தலை, ஒரு தூண்டில் முள், அதைச் சுற்றி ரப்பர் இழைகளால் ஒரு பாவாடை. அந்த முள்ளின் பின்னால் கோக்கிற மெத்தென்ற வாலுக்கு ட்ரெய்லர் என்று பெயர். சிலது கொடுக்கு வைத்த ஓடை இறால் மாதிரி இருக்கும். சிலது வெறும் கட்டைத் துண்டு. மற்றவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஹாலிஸ் ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் சுண்டி, அது எத்தனை தரம் ஆடி நிற்கிறது என்று பார்ப்பான். கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கப் போனபோதுகூட மனுஷன் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை என்பாள் ஒலீட்டா.

அவன் சொல்வதும் தப்பில்லை. தண்ணீர் குளிர்ந்து கிடந்தால் மீன் மந்தமாக இருக்கும், துள்ளித் துள்ளி ஆடுகிற வாலைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளும். அப்போது ஆடாத சின்னக் கட்டைதான் சரி. வெயில் ஏறி, தண்ணீர் சூடாகிவிட்டால் அதே மீனுக்கு ரோஷம் வந்துவிடும், கொடுக்கு படபடவென்று அடித்துக்கொள்வதைத்தான் துரத்தும். கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும். தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும். பெரிய வால் மெதுவாக இறங்கும், நறுக்கிய வால் சட்டென்று இறங்கும். இதையெல்லாம் கணக்கில் வைத்து, மறுநாள் காற்று எந்தப் பக்கம் என்பதையும் யோசித்து, அவன் மேசையில் இரண்டு குவியல் வைப்பான். ஒன்று அவனுக்கு, ஒன்று ஒலீட்டாவுக்கு.

இந்த இரண்டாவது குவியல்தான் கதை.

ஹாலிஸ் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மேற்கு மூலையில், புகையிலைக் கொட்டகையின் புகைக்குள் வளர்ந்தவன். அப்பாவோடு புகையிலை அறுத்து அறுத்து வெறுத்துப்போய், பதினெட்டு வயதானதும் ஆற்றோரத்து ரசாயன ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறி வருகிற ஷிஃப்ட். ஒலீட்டா பென்டன் ஊரில், கோர்ட் கட்டடத்துக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். கடைக்கு வருகிற பெண்களின் தலையும் குடும்பமும் அவள் கையில்தான் இருந்தன. கல்யாணம் ஆன புதிதில் அவள் எழுந்திருக்கும்போது அவன் தூங்கப் போவான், அவன் எழும்போது அவள் கடையில் இருப்பாள். சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு இடம் வேண்டும் என்றுதான் அவள் முதலில் படகில் ஏறினாள். மீன்மேல் அவளுக்கு அப்போது ஒரு ஆசையும் கிடையாது.

பிறகு ஆசை வந்தது, அதுதான் பாவம்.

ஏரிக்கரை ஊர்களில் அப்போது தம்பதிகளுக்கென்று ஒரு பாஸ் கிளப் இருந்தது. ஜோடி கிளப் என்று சொல்வார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே படகில் போக வேண்டும், இரண்டு பேர் பிடித்ததும் ஒரே தொட்டிக்குள், ஐந்து மீனுக்கு மேல் எடைக்குக் கொண்டுவரக் கூடாது. ஒருத்தர் வராவிட்டால் இன்னொருத்தருக்கு இடமில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை போட்டி. அந்தச் சனிக்கிழமைகளில் ஒலீட்டா கடையைப் பூட்டிவிடுவாள். முடி வெட்டும் கடைக்குச் சனிக்கிழமை என்பது அறுவடை நாள். அவள் கணக்குப் பார்க்கவில்லை.

படகில் முன்னால் நிற்பது ஹாலிஸ். காலால் மிதித்து ஓட்டுகிற சின்ன மோட்டார் அவன் வசம், முதலில் வீசுகிற தண்ணீரும் அவன் வசம். பின்னால் ஒலீட்டா. விடியற்காலையில் படகை அவிழ்க்கும்போது அவன் ஒவ்வொரு தரமும் ஒரே பாட்டைத்தான் பாடுவான்.

"நீ இதப் போடு கண்ணு. நான் இதப் போடறேன். எதைக் கடிக்குதோ, அதுக்கு ரெண்டு பேரும் மாறிக்கலாம்."

"போன தடவையும் உன்னோடதத்தானே கடிச்சுது?"

"இந்தத் தடவ பாரேன், உன்னோடதத்தான் கடிக்கப் போகுது."

கேட்பதற்கு நியாயமான பேச்சு. ஜோடியாக மீன் பிடிக்கிற எல்லாரும் செய்கிறதுதான். ஆளுக்கொன்றாக வீசிப் பார்த்தால் மீனின் மனசு சீக்கிரம் தெரிந்துவிடும். ஆனால் மற்ற படகுகளில் யாருக்கு எது என்பது அவரவர் ஆசைக்குப் போகும், இல்லையென்றால் கை போனபடி போகும். ஹாலிஸ் ஆலைக்காரன். அங்கே வருஷக் கணக்கில் அவன் பார்த்த வேலை, ஒரு குழாயைச் சரியாக வைத்து, பக்கத்துக் குழாயை வேண்டுமென்றே மாற்றி வைத்து, எது எப்படிப் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. அந்தப் புத்தி படகுக்கும் வந்துவிட்டது. மீன் நிச்சயம் கடிக்கும் என்று தோன்றியதை அவன் தன் முள்ளில் கோத்தான். கடிக்கவே கடிக்காது என்று தோன்றியதை ஒலீட்டாவின் முள்ளில் கோத்தான். அவளுக்குக் கடிக்காவிட்டால் தன் கணிப்பு சரி என்று அர்த்தம். அவளை மாற்றிக்கொள்ளச் சொல்கிற நேரம் வரும்போது காலைத் தீனி முடிந்து, மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிருக்கும்.

துரோகம் என்று அவன் நினைத்துச் செய்ததில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அவன் அதை நினைக்கவே இல்லை.

ஆக, அவர்கள் கேடயம் வாங்கினார்கள். ஒன்றல்ல, சுவரில் ஆணி போதாத அளவுக்கு வாங்கினார்கள். எல்லாவற்றிலும் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இருந்தன. மீன் எல்லாம் ஹாலிஸ் பிடித்தது என்பது கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். "ஹாலிஸ் மீன் புடிப்பான், ஒலீட்டா வெயில் காய்வா" என்று ஒரு கேலி ஓடியது. அதைச் சொன்னவன் லோவெல், கிளப்பின் தலைவன், ஹாலிஸோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவன். ஒலீட்டாவும் சேர்ந்து சிரிப்பாள். "வெயில மட்டுமா? ஹாம் கறி வச்ச பிஸ்கட் ரொட்டி யாரு கொண்டு போறா? பட்டினியா கெடந்தா உன் ஃப்ரெண்டு தவளையக்கூடப் புடிக்க மாட்டான்" என்று திருப்பிக் கொடுப்பாள்.

சிரித்தாளே ஒழிய, உள்ளே ஒரு அரிப்பு இருந்தது. ஒரு நாள் அவள் கேட்டாள்.

"கடிச்சா எப்படித் தெரியும் உனக்கு?"

"தெரியும். டொக்குன்னு ஒரு தட்டு. கை தானா இழுத்துரும்."

"என் கைக்கு ஒன்னும் தெரிய மாட்டேங்குதே ஹாலிஸ். நாளெல்லாம் கத்திரி புடிச்சுப் புடிச்சு மரத்துப் போச்சோ என்னவோ."

"வரும், வரும். பழகப் பழக வரும்."

அவள் அதை நம்பினாள். கடையைச் சாத்திவிட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் ஒரு வாளியை வைத்து, அதற்குள் ஜிக் விழும்படி வீசிப் பழகினாள். தூண்டில் நரம்பை விரலில் தொட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முள் புல்லில் இழுபடுவதை உணர்ந்து பார்த்தாள். ஹாலிஸ் காபியும் கையுமாகச் சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்ப்பான். பார்த்துச் சிரிப்பான். பிரியமான சிரிப்புதான். பிற்பாடு அவனால் தாங்க முடியாமல் போனது அந்தச் சிரிப்பைத்தான்.

இப்படியே இருபது வருஷம் தாண்டிய பிறகு, ஒரு மார்ச் கடைசியில் வந்தது பெரிய போட்டி. நாலு நாளாகக் கதகதப்பாக இருந்த வானம் வியாழக்கிழமை திடீரென்று திரும்பிக்கொண்டது. வடக்கிலிருந்து குளிர் இறங்கி, பூத்திருந்த மரமெல்லாம் நடுங்கிப்போயின. வெள்ளிக்கிழமை மேசையில் ஹாலிஸ் தன் பக்கம் சின்னப் பழுப்புக் கட்டைகளை வைத்தான், அவற்றின் தலையையும் கொஞ்சம் நறுக்கினான். ஒலீட்டா பக்கம் ஆரஞ்சு நிறத்தில், உள்ளங்கை நீளத்துக்குக் கொடுக்கு வைத்த பெரிய வால்களை வைத்தான்.

அவள் ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்தாள். அது நிற்காமல் ஆடியது.

"இந்தக் குளிர்ல இது ரொம்ப ஆடாதா? ஆடாததுதான் குளிருக்கு நல்லதுன்னு நீதானே சொல்லுவ?"

"அதுக்குத்தான் கண்ணு. நிச்சயம் பண்ணிக்கணும்ல?"

அவள் சரி என்று பெட்டியில் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, பாருங்கள். தெரிந்தும், அவனுக்கு இன்னும் அதிகமாகத் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ஏரியில் காற்று முகத்தை அறுத்தது. ஓடை வாயில், தண்ணீருக்குள் கிடந்த பழைய மரக்கட்டைகளை ஒட்டி ஹாலிஸ் வீசினான். மெதுவாக இழுத்தான். ஒன்று, இன்னொன்று என்று மீன் வந்துகொண்டே இருந்தது. ஒலீட்டா ஒவ்வொரு தரமும் தன் கோலைக் கீழே வைத்துவிட்டு வலையோடு ஓடிவந்தாள். ஒரு மீனைக்கூட அவள் தவறவிடவில்லை. திரும்பிப் போய்த் தன் ஆரஞ்சு வாலை மறுபடி வீசினாள்.

"ஹாலிஸ், நானும் மாத்திக்கட்டுமா?"

"அந்தப் பாக்கெட்ல கொஞ்சந்தான் இருக்கு. பிஞ்சு போச்சுன்னா மாட்டிக்குவோம். இன்னும் கொஞ்ச நேரம் பாரு."

மத்தியானத்துக்கு முன்னால் ஐந்து மீனும் தொட்டிக்குள் வந்துவிட்டன, ஐந்தாவது ஒரு பூதம். ஒலீட்டாவின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. பல் கிட்டிப்போய்ச் சிரித்தாள். "ஜெயிச்சுட்டோம்டா!" என்றாள்.

எடை மேடையில் நல்ல கூட்டம். லோவெல் மைக்கைப் பிடித்திருந்தான். தராசில் எண் ஏறியதும் கூட்டம் கைதட்டியது. ஒலீட்டா எல்லாருக்கும் முன்னால் நின்று இரண்டு பெரிய மீனையும் தாடையில் பிடித்துத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள், போட்டோவுக்காக.

"யோவ் ஹாலிஸ்," என்றான் லோவெல். "இந்தக் குளிர்ல எங்களுக்கெல்லாம் ஒரு மீன் தேறல. உனக்கு மட்டும் எப்படிய்யா காலையிலயே தெரியுது, எந்த ட்ரெய்லரக் கடிக்கும்னு? சொல்லு, நாங்களும் பொழச்சிக்கறோம்."

ஹாலிஸுக்கு அன்று வாயெல்லாம் பல். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"ரொம்ப சுலபம்ப்பா. மொத நாள் சாயந்திரமே முடிவு பண்ணிருவேன். கடிக்கும்னு தெரிஞ்சத எனக்கு வச்சுக்குவேன். கடிக்கவே கடிக்காதுன்னு தெரிஞ்சத ஒலீட்டாவுக்குக் கொடுத்துருவேன். எட்டு மணிக்கு அவளுக்கு ஒன்னும் வரலேன்னா, நான் சொன்னது சரி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. லோவெல் மேடைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்காதவர்கள் சில பெண்கள். அதில் ஒருத்தி லோவெலின் மனைவி வர்னா, ஒலீட்டா கடையின் வாடிக்கைக்காரி. ஒலீட்டா மீனைக் கீழே இறக்கவில்லை. போட்டோ எடுக்கிறவன் "ஒலீட்டா மேடம், இங்க பாருங்க" என்றதும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. உதடு சிரிக்கிறது.

திரும்பி வரும் வழியில் வண்டியில் பாதித் தூரம்வரை ஹாலிஸ்தான் பேசிக்கொண்டு வந்தான். ஐந்தாவது மீன் எப்படி மரக்கட்டைக்குள் ஓடப் பார்த்தது, எப்படித் திருப்பினான் என்று.

"ஹாலிஸ்."

"ம்."

"மைக்ல சொன்னியே, அது நெஜமா?"

"எது?"

"கடிக்காதுன்னு தெரிஞ்சுதான் எனக்குக் கொடுப்பேன்னு."

"அடப் போ. ஜனங்க சிரிக்கட்டும்னு சொன்னது."

"ஹாலிஸ்."

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். "சில நாள். எல்லா நாளும் இல்ல. அது கூட்டு வேலை ஒலீட்டா. யாராவது ஒருத்தர் போட்டுப் பாக்கணும்ல?"

"எப்பவும் அது நான்தானா?"

"ஜெயிச்சோமே. கேடயத்துல உன் பேரும்தானே இருக்கு."

பென்டன் திருப்பம் வந்தபோது பேசினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"என் கைதான் மக்குன்னு நெனச்சுட்டிருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல. பொம்பளைங்க தலையில சுண்டுவிரல் வச்சே எந்த எடத்துல முடி கொட்டுதுன்னு சொல்லிருவேன், ஒரு மீன் தொட்டா மட்டும் தெரிய மாட்டேங்குதேன்னு அழுதிருக்கேன். அந்த வாளிய வச்சுக்கிட்டுப் பைத்தியக்காரி மாதிரி வீசிட்டு நின்னேனே, நீ ஜன்னல்லேருந்து பாத்துட்டுத்தானே இருந்த? அப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

வீடு வந்தது. அவள் இறங்கிப் போய்க் கை கழுவினாள், சட்டியில் பீன்ஸை ஏற்றினாள்.

வீட்டை விட்டுப் போகவில்லை, கதவை அறையவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. அடுத்த மாதம் போட்டிக்கு முந்தைய நாள், "நாளைக்குக் கடையத் திறக்கறேன், வர்னாவுக்கு முடி சுருட்டணும்" என்றாள். அதற்கடுத்த மாதமும் அப்படியே. அத்தோடு ஜோடி கிளப் அவனுக்கு முடிந்துபோனது.

ஹாலிஸ் சும்மா இருந்துவிடவில்லை. அவளுக்குப் புதுத் தூண்டில் கோல் வாங்கிவந்தான். அழகாயிருக்கு என்று சொல்லிச் சுவரில் சாத்தினாள். இனிமேல் நீதான் முன்னால் நிற்கணும் என்றான். எனக்கு எதுக்கு ஹாலிஸ் என்றாள். லோவெல், "மன்னிப்பு கேளுய்யா, வேற வழியே இல்ல" என்று சொன்னான். கேட்டான். ஆனால் மன்னிப்புக் கேட்ட அதே மூச்சில், குளிர்ந்த தண்ணீரில் ஒப்பிட்டுப் பார்ப்பது ஏன் அவசியம் என்று விளக்கமும் சொன்னான். அந்த மனுஷனுக்கு அதுதான் வந்தது. அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குப் புரியுது" என்றாள். புரிந்தது என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

தனியாக ஏரிக்குப் போய்வந்தான். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை அவனுக்கு என்ன தோன்றியதோ, அவளுக்குக் கொடுப்பதாயிருந்தால் எதைக் கொடுத்திருப்பேன் என்று யோசித்து, அந்த வாலை எடுத்துத் தன் முள்ளில் கோத்தான். ஆடுகிற ஆரஞ்சு வால். மற்றப் பெட்டிகளை வண்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் படகில் ஏறினான். விடியலிலிருந்து வீசினான். ஒன்றும் வரவில்லை. வராது என்று அவனுக்குத்தான் தெரியுமே. வெயில் தலைக்கு வருவதற்குள் தோள் கனத்தது. ஒரு தட்டுகூடக் கிடைக்காத பகல் எவ்வளவு நீளம் என்று அவன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தான். தப்பு எங்கே என்று தேட ஆரம்பித்தான். வீசுவது சரியில்லையோ, இழுப்பது வேகமோ, நரம்பைப் பிடிப்பது இறுக்கமோ. காரணம் முள்ளில்தான் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கே இப்படி என்றால், தெரியாதவளுக்கு? அவள் இதை வருஷக் கணக்கில் செய்திருக்கிறாள். செய்துகொண்டே பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள், அவன் மீனுக்கு வலையோடு ஓடி வந்திருக்கிறாள், ஜெயித்தோம் என்று குதித்திருக்கிறாள். ஹாலிஸ் படகின் நடுவில் உட்கார்ந்து அழுதான். வயசான ஆள் அழுவது பார்க்க நன்றாக இருக்காது. நல்லவேளை, ஏரியில் யாரும் இல்லை.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நேராக அவள் கடைக்குப் போனான். அவள் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட?"

"ஒன்னுமே கடிக்கல ஒலீட்டா. காலையிலேருந்து ஒன்னுகூட."

"விடு. அடுத்த தடவ கடிக்கும் பாரு" என்றாள் அவள். குத்தலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். அவன் சொல்ல வந்ததைச் சொல்லாமல், குப்பை அள்ளும் முறத்தை எடுத்துப் பிடித்தான்.

காலம் போயிற்று. ஜோடி கிளப்பும் ஆள் குறைந்து கலைந்தது. ஹாலிஸ் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றான். ஒலீட்டாவுக்கு நின்று நின்று முழங்கால் போய்விட, கடையை வேறு ஒருத்திக்குக் கைமாற்றிவிட்டாள். இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் விழித்திருந்தார்கள். அவர்களுக்குள் சண்டையே இல்லை. சண்டை இல்லாததைப் பற்றி ஹாலிஸ் அடிக்கடி யோசித்தான்.

ஒரு மே மாதத்துக் காலை. டாக்வுட் மரத்துப் பூவெல்லாம் கொட்டி முடிந்து, காற்று இதமாக இருந்தது. அவன் காபிக் கோப்பையை உருட்டிக்கொண்டே கேட்டான்.

"இன்னிக்கு ஒரு தடவ வர்றியா, ஏரிக்கு? போட்டி இல்ல, ஒன்னும் இல்ல. ஒரு ரெண்டு மணி நேரம்."

மாட்டேன் என்று சொல்வாள் என்று பதிலைக் கையில் வைத்திருந்தான். அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "சரி வா. சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கறேன்" என்றாள்.

படகில் ஏறியதும் அவள் பின்பக்கம் போகப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து முன்னால் உட்கார வைத்தான். பெட்டிகள் அத்தனையையும் அவள் காலடியில் திறந்து வைத்தான். பச்சை, பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, கொடுக்கு உள்ளது, இல்லாதது, ஒரு ஆயுசுக்கான ரப்பர்.

"நீயே எடு. எது வேணுமோ."

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றிரண்டைத் தொட்டாள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல ஹாலிஸ். எல்லாத்தையும் நான் ஒரு தடவ போட்டுப் பாத்துட்டேன். எதைப் பாத்தாலும் இது கடிக்காதுன்னுதான் தோணுது."

அவன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். தண்ணீரைப் பார்த்தான், கொஞ்சம் கலங்கல், வெதுவெதுப்பு. மேகத்தைப் பார்த்தான். போட்டிக்குக்கூட அவன் அவ்வளவு யோசித்துத் தேடியதில்லை. கடைசியில், பச்சையில் நுனி மட்டும் நீலம் ஏறிய, கொடுக்கு லேசாக அடிக்கிற ஒன்றை எடுத்தான். கோணாமல் நேராகக் கோத்தான். அதைவிடச் சரியானது அன்றைக்கு அந்த ஏரியில் இல்லை. கோலை அவள் கையில் கொடுத்தான். தனக்கு எதையும் கட்டிக்கொள்ளவில்லை.

காற்று படகை ஓடை வாய்ப் பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. அவள் வீசினாள். வீச்சு கத்தி மாதிரி இருந்தது, சத்தமில்லாமல் மரக்கட்டைக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. அப்படி ஒரு வீச்சை அவன் கிளப்பில் எந்த ஆணிடமும் பார்த்ததில்லை. இத்தனை நாள் எப்படி இதைப் பார்க்காமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நரம்பு ஒரு சாண் இடது பக்கம் நகர்ந்தது.

அவள் கை அசைந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவன் கண்ணால் பார்த்தான், மணிக்கட்டு இழுக்கத்தான் கிளம்பியது. பாதியில் நின்றுவிட்டது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"ஹாலிஸ், இது மீனா, கல்லா?"

"மீன்! மீன்தான்! இழு!"

அதற்குள் நரம்பு தளர்ந்துவிட்டது. அவள் மெதுவாகச் சுற்றி எடுத்தாள். ஜிக் சொட்டச் சொட்ட மேலே வந்தது. ட்ரெய்லரில் ஒரு கொடுக்கு இல்லை.

"பாரு!" அவன் அதை அவள் கண் முன்னால் நீட்டினான். "கடிச்சிருக்கு பாரு. நல்ல பெரிய மீன். உன் கைக்குத் தெரிஞ்சுதே, நான் பாத்தேனே!"

அவள் அந்தக் கிழிசலைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கடையில், முடி போய்விட்டதே என்று கலங்குகிற பெண்களைப் பார்க்கிற அதே பார்வை.

"கல்லுல மாட்டிக் கிழிஞ்சிருக்கும்" என்றாள். "எனக்காகச் சொல்ற."

"சத்தியமா இல்ல ஒலீட்டா. சத்தியமாச் சொல்றேன், மீன்."

"சரி, மீன்தான்" என்று அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள். நம்பவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அங்கேயேதான் இருக்கும். இன்னும் ஒரே ஒரு தடவ வீசு. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

அவள் தலையாட்டினாள். கோலைத் திருப்பி, பிடிப் பக்கத்தை அவன் பக்கமாக நீட்டினாள்.

"நீ போடு ஹாலிஸ். உனக்குன்னா கடிக்கும்."

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அவளும் நீட்டிய கையை மடக்கவில்லை. காற்று படகை அந்த மரக்கட்டையிலிருந்து விலக்கி, ஆழத் தண்ணீருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.